முட்டி மாற்று சர்ஜரி முடிந்து வீட்டில் இருக்கும் பேஷண்டை தூரத்திலிருந்து தொடர்வது: சென்சார் பெல்ட்டா, போன் கேமராவா?

தாம்பரம்_பிசியோ:

வணக்கம். தாம்பரம் பக்கம் சின்ன பிசியோ கிளினிக், தெரபிஸ்ட் இரண்டு பேர். டிகேஆர் (முழு முட்டி மாற்று சர்ஜரி) முடிந்து நாலு, அஞ்சு நாளில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, இந்தப் பக்கம் மேடவாக்கம் வரை சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேர் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. முதல் இரண்டு வாரம் அவர்களை இறக்கிக் கூட்டி வர முடியாது. நாங்கள் போனால் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் ஒரு விசிட்டுக்கே அரை நாள் காலி. அதனால் நேரில் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்து, நடுவில் வீடியோவும் கருவியும் வைத்துத் தொடரலாம் என்று யோசனை.

இன்ஜினியரிங் மாணவர்கள் ஒரு ஜோடி பெல்ட் செய்து கொடுத்திருக்கிறார்கள். தொடையில் ஒரு எம்பியு-6050 (சாய்வையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்), கெண்டைக்கால் பக்கம் இன்னொன்று, இரண்டும் ஒரே ஈஎஸ்பி-32 என்ற சின்னக் கணினி போர்டில். புளூடூத்தில் போனுக்கு முட்டியின் கோணம் வருகிறது. இன்னொரு வழி, போன் கேமராவில் கோணம் எடுக்கும் ஆப்.

எதை நம்பலாம்? தினமும் எந்த எண்களை வாங்க வேண்டும்? எந்தக் கட்டத்தில் "இனி வீடியோ போதாது, நேரில் வா" என்று சொல்ல வேண்டும்? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதினால் நல்லது.

கோனியோமீட்டர்:

பெல்ட்டா கேமராவா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எதை அளக்கப் போகிறீர்கள்.

ஆப் எல்லாமே மடக்குவதைத்தான் பெரிய எழுத்தில் காட்டும். 70, 85, 95 என்று கிராஃப் ஏறும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் முதல் ஆறு வாரத்தில் நாம் கோட்டை விடுவது நீட்டுவதில். மடக்கு மாதக்கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். நீட்டு 10 டிகிரி குறைவாகவே இறுகிவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு. நிற்கும்போதெல்லாம் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்கும், சீக்கிரம் களைப்பு, நொண்டல், அதன் பின்னால் இடுப்பு வலி.

கருவியின் பிழையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 5 டிகிரி பிழை உள்ள கருவி மடக்கை 95 என்று காட்டினாலும் 100 என்று காட்டினாலும் நம் சிகிச்சை மாறாது. அதே 5 டிகிரி நீட்டில் வந்தால் "பரவாயில்லை" என்பதற்கும் "சர்ஜனுக்குச் சொல்லு" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் மறைந்துபோகும். ஆகவே மடக்குக்குக் கருவி போதும். நீட்டுக்குக் கண் வேண்டும்.

நீட்டை வீடியோவில் பார்க்கும் முறை: பேஷண்ட் மல்லாந்து படுக்கட்டும். ஸ்பாஞ்ச் மெத்தை வேண்டாம். குதிகால் அமுங்கி, முட்டி நேரானது போலவே தெரியும். பலகைக் கட்டில், அல்லது மெத்தையைத் தூக்கிவிட்டு ஜமக்காளம். போனைப் படுக்கை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் காலைத் தளர விட்டு, முட்டிக்குப் பின்னால் வீட்டிலிருப்பவரின் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். பிறகு தொடையை இறுக்கி முட்டியைக் கட்டிலில் அழுத்தச் சொல்லி மறுபடி விரல். தினமும் அதே ஆளின் விரலாக இருக்கட்டும். இது டிகிரி இல்லைதான், ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட இதைவிட நேர்மையான அளவு வீட்டில் கிடைக்காது.

இன்னொன்று, பெல்ட் காட்டும் ஒரே எண், பேஷண்ட் முயன்று நீட்டியதா, தளர விட்டு நீண்டதா என்று சொல்லாது. பேஷண்ட் முயன்றால் 12 டிகிரி குறைகிறது, குதிகாலைச் சுருட்டிய துண்டின் மேல் வைத்துத் தளர விட்டால் நேராகிறது என்றால் அது தசை பலவீனம், இதை லேக் என்போம். தளர விட்டும் நேராகவில்லை என்றால் மூட்டு இறுகுகிறது. இரண்டுக்கும் வேலை வேறு. ஒரே எண்ணை வாங்கி கிராஃப் போட்டால் எது எது என்று தெரியாது. இரண்டு எண் வாங்குங்கள்.

மடக்குக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதத்தைத் தரையோடு பின்னால் இழுக்கச் சொல்லி, கட்டை விரல் நின்ற இடத்தில் டைல்ஸில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மறுநாள் பொட்டைத் தாண்டியதா? ஏமாற்று வேலை இதில் ஒன்றுதான், இடுப்பைத் தூக்கிக்கொண்டு பாதத்தைப் பின்னால் கொண்டுபோவது. கேமராவில் இடுப்பும் தெரியட்டும்.

நடைக்கு டியூஜி டெஸ்ட்: எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி. டேப் தேட வேண்டாம். இப்போதைய ஃபிளாட்களில் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் 60 செ.மீ., அஞ்சு டைல்ஸ் போனால் 3 மீட்டர். பழைய வீட்டு ஒரு அடி மொசைக் என்றால் பத்து. வாக்கரோடா, கைத்தடியோடா, வெறுங்கையா என்பதைப் பக்கத்தில் எழுதாத டியூஜி நேரத்துக்கு மதிப்பு இல்லை. நாற்காலியும் மாறக்கூடாது. பழைய பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு, சோபா அதைவிட மோசம். இருக்கை உயரம் 43 செ.மீ. வாக்கில் இருக்கட்டும், ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் பலன் குறையுமா என்று சர்ஜன்கள் கேட்பார்கள். கனடாவின் கியூபெக்கில் 205 டிகேஆர் பேஷண்டுகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. வீட்டு வீடியோ தெரபி நேரடி தெரபிக்குக் குறைந்ததாக இல்லை என்பதுதான் முடிவு. ஆனால் அங்கே திரையில் ஒரு தெரபிஸ்ட் நேரலையில் இருந்தார். வெறும் ஆப்பை இன்ஸ்டால் செய்து கொடுத்துவிட்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது நியாயமில்லை.

ரிச்சிதெரு_சால்டர்:

பெல்ட் பக்கம் நான் சொல்றேன். ஒரே ஈஎஸ்பி-32, இரண்டு எம்பியு-6050ன்னா கண்டிப்பா ஏடி0 பின்னை ஒண்ணுல ஹை பண்ணி ஹெக்ஸ் 68, 69ன்னு முகவரி பிரிச்சிருப்பாங்க. டேபிள் மேல அருமையா ஓடும். கால்ல கட்டினா, தொடையிலிருந்து கீழே போற அரை மீட்டர் வயர் முட்டியைத் தாண்டுது பாருங்க, அங்கதான் வம்பு. சென்சாரும் போர்டும் பேசிக்கிற ஐ2சி முறை போர்டுக்குள்ள ஓடுறதுக்காக வந்தது, காலோட நீளத்துக்கு இல்ல. மடக்கும்போது டேட்டா அப்படியே நின்னு போகும், ஆப்ல கடைசி கோணம் உறைஞ்சு நிக்கும். பேஷண்ட் 15 தடவை மடக்கியிருப்பார், ஆப் "0 தடவை"ன்னு திட்டும்.

தற்காலிகமா சரி பண்ண: வேகத்தை 400-லிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்க, புல்-அப் ரெசிஸ்டர் 4.7 கே போதலன்னா 2.2 கே போடுங்க, கம்பியை முட்டிக்கு முன்னாடி நேரா இழுக்காம வெளிப்பக்கமா ஒரு வளையம் விட்டுக் கொண்டுபோங்க. நிரந்தரத் தீர்வு, இரண்டு பெல்ட்டுக்கும் தனித்தனி போர்டு, தனித்தனி பேட்டரி, நடுவுல வயரே வேணாம். வைஃபை ஆஃப், பிஎல்இ (கரண்ட் கம்மியா தின்கிற புளூடூத்) மட்டும். டேட்டாவை போர்டுலயே சேமிச்சு அப்புறம் அனுப்புற மாதிரி எழுதச் சொல்லுங்க. புளூடூத் நடுவுல அறுந்தா ஒரு செஷனே காணாம போகக்கூடாது.

பேட்டரி விஷயத்துல கவனம். டிபி-4056 சார்ஜர் மாட்யூல் கடையில வாங்கினபடியே மாட்டினா 1 ஆம்பியர் தள்ளும், ஏன்னா அதுல இருக்கிற ரெசிஸ்டர் 1.2 கே. பெல்ட்டுக்குள்ள இருக்கிறது 500 எம்ஏஹெச் லிபோ பேட்டரின்னா அது ரொம்ப அதிகம், சூடாகி உப்பும். அந்த ரெசிஸ்டரைக் கழட்டிட்டு 5 கே போட்டா 250 மில்லி ஆம்பியர், பயம் இல்ல. கால்ல கட்டியிருக்கும்போது சார்ஜ் போடுற வசதியே இருக்கக்கூடாது. சாக்கெட்டைத் தோல் பக்கமாத் திருப்பி வெச்சா, கழட்டினாதான் குத்த முடியும்.

கோணக் கணக்கு என்ன பண்ணியிருக்காங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் 0.98, 0.02 காம்ப்ளிமென்டரி ஃபில்டர்தான் இருக்கும், அதாவது சுழற்சியை அளக்கிற கைரோவுக்கு 98 பங்கு, புவியீர்ப்பை வெச்சு எடுத்த சாய்வுக்கு 2 பங்குன்னு கலக்குறது. வினாடிக்கு 100 சாம்பிள் எடுத்தா அதோட நேர மாறிலி (எண் சரிக்கட்டிக்க எடுக்கிற நேரம்) அரை வினாடிக்குப் பக்கம், மெதுவான எக்சர்சைஸுக்கு சரிப்படும். 50 சாம்பிளுக்கு இறக்கிட்டு அதே 0.98-ஐ விட்டுட்டா ஒரு வினாடி ஆயிடும். ஆன் பண்ணினதும் 5 வினாடி காலை ஆட்டாம வைக்கணும், கைரோவோட ஆஃப்செட் அப்பதான் கழியும். ஏசி ரூம்லேர்ந்து ஹாலுக்கு வந்தா அந்த ஆஃப்செட் மாறும், மறுபடி 5 வினாடி.

முக்கியமானது ஒண்ணு பாக்கி. இந்தச் சென்சார் சாய்வைப் புவியீர்ப்பை வெச்சுதான் கண்டுபிடிக்குது. மல்லாந்து படுத்தோ உட்கார்ந்தோ மடக்கினா கால் மேலும் கீழும் போகுது, கணக்கு சரியா வரும். ஒருக்களிச்சுப் படுத்து மடக்கினா கால் தரைக்கு இணையா சுத்துது, அப்ப புவியீர்ப்புக்கு ஒண்ணும் தெரியாது, கைரோவை மட்டும் நம்பி எண் நழுவிக்கிட்டே போகும். ஒருக்களிச்சுப் பண்ற எக்சர்சைஸ்ல கோணத்தைப் பார்க்காதீங்க, எண்ணிக்கையை மட்டும் எடுங்க.

கட்டுற இடம்: கீழ் பெல்ட்டைக் கெண்டைச் சதை மேல கட்டாதீங்க, தசை இறுகினா சென்சாரே சாயும். முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவுல இருக்கிற முன் எலும்போட உள்பக்கத் தட்டையான பகுதி, சதையே இல்லாத இடம், அங்க. மேல் பெல்ட் தொடையோட வெளிப்பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் கீழே. தையல் போட்ட கோட்டிலிருந்து தள்ளியே இருக்கணும். நம்ம ஊர் வேர்வைக்கு வெறும் எலாஸ்டிக் பத்து நிமிஷத்துல வழுக்கிக் கீழே இறங்கிடும். உள்பக்கம் இரண்டு கோடு சிலிகான் ஒட்டின எலாஸ்டிக் வாங்குங்க. துணி பெல்ட் கழட்டித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும், இல்லாட்டி மூணாம் நாளே அரிப்பு, அப்புறம் யாரும் கட்ட மாட்டாங்க.

கேமரா_கோணம்:

போன் கேமரா பற்றி. மீடியாபைப் போன்ற நிரல்கள் படத்தைப் பார்த்து உடம்பில் 33 புள்ளிகளை ஊகிக்கும். நமக்கு வேண்டியது இடுப்பு, முட்டி, கணுக்கால். வலது காலுக்குப் புள்ளி எண் 24, 26, 28. இடது 23, 25, 27. இவற்றில் முட்டியும் கணுக்காலும் ஓரளவு சரியாகவே விழும். கெடுப்பது இடுப்புப் புள்ளி.

காரணம் உடை. நைட்டியோ புடவையோ வேட்டியோ இருந்தால் இடுப்பு எங்கே என்பதை நிரல் யூகிக்கத்தான் செய்யும். தொடை நீளம் 40 செ.மீ. என்று வையுங்கள். இடுப்புப் புள்ளி 5 செ.மீ. மேலோ கீழோ விழுந்தால் கோணத்தில் 7 டிகிரி போச்சு. மேலே சொன்ன நீட்டுப் பிரச்சினைக்கு இது உதவவே உதவாது. ஃபேன் காற்றில் நைட்டி படபடத்தால் அந்தப் புள்ளி ஃபிரேமுக்கு ஃபிரேம் குதிக்கும். அதை ஆப் "இரண்டு தடவை மடக்கினார்" என்று எண்ணிக்கொள்ளும். ஃபேனை அந்த அஞ்சு நிமிடம் நிறுத்தச் சொல்வது சென்னை மே மாதத்தில் கொஞ்சம் கொடுமைதான்.

வயதான பெண்களிடம் ஷார்ட்ஸ் போடச் சொல்லி அனுப்பாதீர்கள், போட மாட்டார்கள், வீடியோவையே தவிர்க்க ஆரம்பிப்பார்கள். லெகிங்ஸோ, கால் ஒட்டிய பைஜாமாவோ போதும். அதுவும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்குப் பெல்ட்தான் வழி. பெண் தெரபிஸ்ட் இருந்தால் அவர் திரையில் இருப்பது நல்லது.

வைக்கும் விதம்: போன் படுக்கைவாட்டில், முட்டி உயரத்தில், 2 முதல் 2.5 மீட்டர் தள்ளி, சரியாகப் பக்கவாட்டில். ஸ்டூல் மேல் சொம்பில் சாய்த்து வைத்தால் நிற்கும். கையில் பிடித்துக் காட்டினால் கோணம் எடுக்க முடியாது. பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் கால் கறுப்பாகிவிடும். ஆபரேஷன் ஆன கால் கேமரா பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுகால் மறைக்கும், சில சமயம் நிரல் இரண்டு காலையும் மாற்றிப் போட்டுவிடும்.

என் கருத்து, தானியங்கிக் கோணத்தை விட்டுவிடுங்கள். முட்டியின் வெளிப்புற எலும்பு மேட்டிலும் வெளிக்கணுக்காலிலும் தெரியும்படி கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, இடுப்புப் பக்கவாட்டில் தொடை எலும்பின் பெரிய மேடு துருத்தும் இடத்தில் உடையின் மேல் இன்னொன்று. அதிகபட்ச மடக்கில் ஒரு ஸ்கிரீன்ஷாட். நீங்களே மூன்று புள்ளியையும் கோடு போட்டு அளந்தால் ஆப்பைவிட நன்றாக வரும். வாரத்துக்கு இரண்டு படம் போதும், தினமும் தேவையில்லை.

தாம்பரம்_பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. பெல்ட்டை ஒரு பேஷண்டுக்குப் பத்து நாள் கொடுத்துப் பார்த்தோம். அந்த எண்கள் குழப்புகின்றன. வீட்டில் பெல்ட் காட்டியது நீட்டு 0, மடக்கு 92. அதே நாளில் கிளினிக்கில் நீளக் கை கோனியோமீட்டரில் (மூட்டுக் கோணம் அளக்கும் இரண்டு கைக் கருவி) நீட்டு 12 குறைவு, மடக்கு 104. ஒன்றில் பெல்ட் நல்லதாகச் சொல்கிறது, இன்னொன்றில் மோசமாகச் சொல்கிறது. சென்சார் ரிப்பேரா?

ரிச்சிதெரு_சால்டர்:

சென்சார் நல்லாத்தான் இருக்கு. இரண்டு இடத்துலயும் சரியா அதே 12 தள்ளியிருக்கு பாருங்க. ரிப்பேர்னா இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணாது. இது ஜீரோ செட் பண்ணினதுல வந்த வினை. ஆப் "நேரா நில்லுங்க, பட்டனை அமுக்குங்க"ன்னு சொல்லியிருக்கும். பேஷண்டால நேரா நிக்க முடியாது, 12 டிகிரி மடங்கித்தான் நிக்கிறார். ஆப் அதையே 0ன்னு எழுதிக்கிச்சு. அதுக்கப்புறம் எல்லா எண்ணும் 12 குறைச்சல்.

கோனியோமீட்டர்:

இதுதான் நான் பயந்தது. இறுகல் இருக்கும் பேஷண்டை நிற்க வைத்து ஜீரோ செய்தால், கண்டுபிடிக்க வேண்டிய குறையையே கருவி அழித்துவிடுகிறது. பத்து நாள் கிராஃப் முழுக்க "நீட்டு 0" என்று பச்சையில் இருந்திருக்குமே?

சரி செய்யும் வழி இது. முதல் நாள் நீங்கள் நேரில் போய்ப் பெல்ட் கட்டும்போது கோனியோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்: மேல் கை தொடை எலும்பின் பெரிய மேட்டை நோக்கி, மையம் முட்டியின் வெளிப்புற மேட்டில், கீழ்க் கை வெளிக்கணுக்காலை நோக்கி. வந்த எண்ணை ஆப்பில் "இந்த நிலை = 12" என்று ஏற்றுங்கள். 0 என்று ஏற்றாதீர்கள். பட்டன் அமுக்கும் வசதியைப் பேஷண்ட் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ரிச்சிதெரு_சால்டர்:

அதுலயும் ஓட்டை இருக்கு சார். தினமும் பெல்ட்டைக் கழட்டிக் கட்டுறாங்க இல்லையா, ஒவ்வொரு தடவையும் சில டிகிரி மாறும். தோல்ல மார்க்கர் பேனாவால பெல்ட்டோட மேல் ஓரத்துக்கு ஒரு கோடு போடுங்க, குளிச்சா அழியும், வீட்டில இருக்கவங்க மறுபடி போடணும். அப்பவும் 3, 4 டிகிரி ஆடும். அதனால நீட்டு எண்ணை ஆப் திரையிலிருந்தே தூக்கிடுங்கன்னுதான் நானும் சொல்வேன். மடக்கு, எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், இந்த மூணு போதும் பெல்ட்டுக்கு. விரல் கணக்கு வீடியோவுல.

சந்தேகம் வந்தா ஒரு சோதனை. இரண்டு பெல்ட்டையும் ஒரு நீளமான மர ஸ்கேல் மேல ஒரே திசையில வெச்சுப் பாருங்க. வித்தியாசம் 0, 1-க்குள்ள வந்தா எலக்ட்ரானிக்ஸ் சரி, கட்டினதுலதான் தப்பு.

தாம்பரம்_பிசியோ:

புரிந்தது. நீட்டை எடுத்துவிடுகிறோம். இன்னொன்று: பேஷண்ட் வீட்டில் பலர் சிபிஎம் மெஷின் (காலைத் தானாக மடக்கி நீட்டுவது) வாடகைக்கு எடுக்கிறார்கள், "தானாகவே மடக்கிவிடும், உங்கள் வீடியோ எதற்கு" என்கிறார்கள். டென்ஸ் மெஷினும் (தோல் வழியாக லேசான மின்சாரம் கொடுப்பது) வாங்கி வைத்திருக்கிறார்கள். திட்டத்தில் சேர்க்கலாமா?

கோனியோமீட்டர்:

சிபிஎம்முக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்லுங்கள். டிகேஆருக்குப் பிறகு சிபிஎம் பயன்படுத்திய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2014-ல் வந்தது. மடக்கிலும் வலியிலும் நடமாட்டத்திலும் பொருட்படுத்தும்படியான லாபம் இல்லை. அதைவிட, மெஷினில் காலைப் போட்டுவிட்டு டிவி பார்ப்பவர் தொடைத் தசையை இறுக்குவதை மறந்துவிடுகிறார்.

டென்ஸ் வலிக்கானது, தசையை வளர்க்காது. தொடைத் தசைக்கு வேண்டியது என்எம்இஎஸ், மின்சாரத்தால் தசையை இறுக வைக்கும் மெஷின். இரண்டுக்கும் தோலில் ஒட்டும் பட்டை ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரரும் குழம்புகிறார். என்எம்இஎஸ் என்றால் தசை கண்ணுக்குத் தெரிய இறுகி, தொடை கெட்டியாக வேண்டும். அமைப்பு: 50 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோ வினாடி, 15 வினாடி ஓட்டம், 45 வினாடி ஓய்வு, 15 இறுக்கம், நாளைக்கு இரண்டு வேளை. பட்டை இரண்டும் பெரிது வேண்டும், ஒன்று தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்று கீழ் உள்பக்கம், தையலைத் தொடாமல். பொறுக்கிற உச்சம் வரை ஏற்ற வேண்டும். வெறும் குறுகுறுப்பில் நிறுத்தினால் பலன் இல்லை, இதை வீடியோவில் தொடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கூடாது, இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். முதல் தடவை நேரில் போட்டுக் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வீட்டுப் பயிற்சி அளவு, முதல் இரண்டு வாரத்துக்கு: விழித்திருக்கும்போது மணிக்கு 20 தடவை பாதத்தை மேலும் கீழும். தொடையை இறுக்கி 5 வினாடி பிடித்தல் 15 தடவை, நாளைக்கு மூன்று வேளை. குதிகாலைத் தேய்த்து மடக்குவது 15 தடவை, மூன்று வேளை. பிளாஸ்டிக் கவரைக் குதிகாலுக்கு அடியில் போட்டால் பெட்ஷீட்டில் வழுக்கும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, 5 நிமிடத்தில் தொடங்கி 10 நிமிடம், நாளைக்கு நாலு தடவை. வலி மாத்திரை டாக்டர் எழுதிய நேரத்தில்தான், ஆனால் செஷனை மாத்திரைக்கு அரை மணி, முக்கால் மணி பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். ஒரேயடியாக முக்கால் மணிக்கு மேல் கால் தொங்கப் போட்டு உட்காரக்கூடாது, சாயங்காலம் வீங்கும், மறுநாள் மடக்கு குறையும். கிராஃப் திடீரென்று இறங்கினால் முதலில் "நேற்று விருந்தாளி வந்தார்களா" என்று கேளுங்கள். பாதி நேரம் ஆமாம் என்றுதான் வரும்.

முட்டிக்கு அடியில் தலையணை கூடாது, முட்டி மடங்கியபடியே இருக்கும். வைக்கிறீர்களா என்று வீடியோவில் கேட்டால் "இல்லையே" என்பார்கள். சொல்லாமல் திடீரென்று கால் செய்து படுக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்த்தோ_வார்டு_சிஸ்டர்:

எல்லோரும் கோணத்தையே பேசறீங்க. வீடியோவுல தெரியாத விஷயத்தைக் கொஞ்சம் சொல்றேன்.

காயத்தை வாரத்துக்கு மூணு தடவை, பகல் வெளிச்சத்துல, பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வீடியோ கால்ல சிவப்பு தெரியாது, நெட் குறைஞ்சா எல்லாம் மங்கலாயிடும். முட்டி தொட்டா சூடா இருக்கிறது பல மாசம் இருக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். காயத்துல ஈரம் கசிஞ்சா, காய்ஞ்ச காயம் மறுபடி நனைஞ்சா, காய்ச்சல் வந்தா அன்னைக்கே சர்ஜன். நீங்க போன்ல ஆன்டிபயாடிக் பேரு சொல்லாதீங்க, மீதி இருந்த பழைய மாத்திரையை அவங்களே போட ஆரம்பிச்சுடுவாங்க.

கால்ல ரத்தக் கட்டி சென்சார்ல தெரியாது. தையல் டேப் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சிருக்கும் இடத்துலேர்ந்து 10 செ.மீ. கீழ இறங்கி இரண்டு கெண்டைக்காலையும் சுத்தி அளக்கணும். ஆபரேஷன் ஆன கால் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். ஆனா வித்தியாசம் 3 செ.மீ. தாண்டினாலோ, நேத்தைக்கு இன்னைக்கு திடீர்னு கூடினாலோ, கெண்டையில அழுத்தினா புதுசா வலிச்சாலோ, அன்னிக்கு எக்சர்சைஸ் வேணாம், ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா உங்களுக்குக் கால் பண்ணவே கூடாது, நேரா 108. இதை ஆப்போட முதல் பக்கத்துல தமிழ்ல பெரிய எழுத்துல போடுங்க. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரை தீர்ந்துடுச்சான்னு ஒவ்வொரு வீடியோ கால்லயும் கேளுங்க.

யாருக்கு வீடியோ வேணாம்: தனியா இருக்கிறவங்க, காது சரியா கேட்காதவங்க, ஏற்கனவே விழுந்த சரித்திரம் உள்ளவங்க, மறதி உள்ளவங்க. நிக்கிற எக்சர்சைஸ் எதுவும் பக்கத்துல ஒரு ஆள் இல்லாம தூரத்துலேர்ந்து சொல்லித் தரக்கூடாது. ஆப்பைக் கத்துக்கொடுக்கிறதை ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிங்க. மூணாம் நாள் வலியில இருக்கிறவங்க கையில போன் கொடுத்து பாஸ்வேர்டு கேட்டா எரிச்சல்தான் வரும்.

தாம்பரம்_பிசியோ:

சிஸ்டர், மிக்க நன்றி. நேரில் பார்க்கும் நாட்களை இப்படி வைத்திருக்கிறோம்: வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் ஹோம் விசிட், 14-ம் நாள் வாக்கில் தையல் பிரிக்கும்போது, நாலாவது வாரம், ஆறாவது வாரம். நடுவில் வாரம் மூன்று வீடியோ. சரியா? சட்டப் பக்கம் ஏதாவது பார்க்க வேண்டுமா?

கோனியோமீட்டர்:

நாட்கள் சரி. ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது வாரம் 90 வரவில்லை என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு நேரடி. நாலாவது வாரமும் 90-க்குக் கீழே, அல்லது விரல் கணக்கில் ஒரு வாரமாக அசைவே இல்லை என்றால் சர்ஜனுக்கு எழுத்தில் அனுப்புங்கள். மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கி விடுவது என்று முடிவானால் அது 12 வாரத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன். நாம் வீடியோவில் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று மூன்று தடவை சொன்னால் அந்தக் கதவு சாத்திவிடும்.

சட்டத்தில், 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் பதிவு பெற்ற டாக்டர்களுக்கானது. பிசியோதெரபி 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே மருந்து, டோஸ் பற்றி வீடியோவில் வாய் திறக்காதீர்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பேஷண்ட் வீடியோவும் காயத்தின் போட்டோவும் தெரபிஸ்டின் சொந்த வாட்ஸ்அப்பில் கிடக்கக்கூடாது, கிளினிக்குக்கு என்று தனி போன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

கட்டணம் கட்ட முடியாதவர்களை விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு. அவர்கள் ஏரியாவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு.

கேமரா_கோணம்:

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. வாரம் மூன்று வீடியோ கால் என்றால் நேரத்தை முற்பகல் 11 முதல் 12-க்குள் வையுங்கள். காலையில் தண்ணி, சமையல், பூஜை. சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், மடக்கு 5 டிகிரி குறைவாகவே வரும். ஒரு நாள் காலையும் மறுநாள் மாலையும் அளந்தால் கிராஃப் ரம்பம் மாதிரி வரும், அதைப் பார்த்து யாராவது பயந்து போன் செய்வார்கள்.

தாம்பரம்_பிசியோ:

குறித்துக்கொண்டேன். நாளை மாணவர்களிடம் சொல்லிப் பட்டனை எடுக்கச் சொல்கிறேன், 5 கே ரெசிஸ்டரும் வாங்கிவிடுகிறேன். பெல்ட் இரண்டாகப் பிரித்ததும் எண்களோடு வருகிறேன்.